உள்ளே போவது இலவசம், வெளியே வரத்தான் செலவு: ஈஸ்டும் பெராக்ஸிசோமும்

மெத்தனால் என்றால் என்ன என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் போனதும் கல்லீரலில் இருக்கும் ஒரு என்சைம் அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது அடுத்து ஃபார்மிக் அமிலம் ஆகிறது. முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் வாங்குவது அந்த அமிலம்தான்.

இதே மெத்தனாலைச் சோறு மாதிரி சாப்பிட்டு வளரும் ஒரு உயிர் இருக்கிறது. பிச்சியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்ட். இப்போது அதற்குக் கோமகட்டேயெல்லா என்று புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆய்வகங்களில் இன்னமும் பிச்சியாதான். உங்களுக்கு இது அறிமுகம் இல்லாத ஆள் என்று நினைக்காதீர்கள். 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த ஷான்வாக்-பி என்ற மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி இந்த ஈஸ்டில் தயாரானது. 2022 மார்ச் 16 முதல் 12-14 வயதுப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்கப் போட்ட கோர்பிவேக்ஸ் கொரோனா தடுப்பூசியின் புரதமும் பிச்சியாவில் வளர்த்ததுதான். உங்க வீட்டுப் பிள்ளை அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்திருந்தால், இந்த ஈஸ்டின் உழைப்பு அதன் கையில் இறங்கியிருக்கும்.

நம்மைக் கொல்கிற சரக்கு அதற்கு மட்டும் எப்படிச் சாப்பாடாகிறது? இதைத் தேடிப் போனால் பதில் பெராக்ஸிசோம் என்ற ஒரு குட்டிப் பைக்குள் போய் நிற்கிறது. அந்தப் பைக்குள் சரக்கு எப்படி ஏறுகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பிறந்த சில மாதங்களில் இறந்துபோகும் குழந்தைகளின் நோய் ஒன்றில் போய் முடிகிறது. நான் பயாலஜி படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். அதனால் ஒரு இன்ஜினியர் கண்ணில் இது எப்படித் தெரிகிறதோ அப்படியே சொல்கிறேன்.

ஒரு பை, அதற்குள் ஆபத்தான வேலைகள்

செல்லுக்குள் பல அறைகள் உண்டு. நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவை. பெராக்ஸிசோம் அந்தப் படத்தில் பெரும்பாலும் இருக்காது. 1954-ல் ரோடின் என்பவர் எலியின் சிறுநீரகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணில் பட்டது. அப்போது அதற்கு 'மைக்ரோபாடி' என்று பெயர். கிறிஸ்டியன் டி டுவே அதற்குள் ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாவதையும் அங்கேயே அழிக்கப்படுவதையும் கண்டு, 1960-களில் பெராக்ஸிசோம் என்று பெயர் மாற்றினார். பின்னால் 1974-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர் ஒருவர்.

ஒற்றைச் சவ்வு கொண்ட பை, அவ்வளவுதான். சொந்தமாக டி.என்.ஏ. கிடையாது. புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் உள்ளே கிடையாது. ஆகவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு என்சைமும் வெளியே, செல்லின் பொதுவெளியில் தயாராகி, பிறகு உள்ளே கொண்டுவரப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பிச்சியாவைக் குளுக்கோஸில் வளர்த்தால் ஒன்றிரண்டு சின்னப் பெராக்ஸிசோம் இருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். அதையே மெத்தனாலுக்கு மாற்றுங்கள். சில மணி நேரத்தில் பைகள் ஊதிப் பெருகி, செல்லின் கொள்ளளவில் 80 சதவீதம் வரைகூட அடைத்துக்கொள்ளும். உள்ளே குவிவது ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம். செல்லின் கரையும் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இந்த ஒன்றுதான் என்ற அளவுக்குப் போகும்.

இந்த என்சைம் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. கூடவே ஹைட்ரஜன் பெராக்ஸைடும் வருகிறது. இரண்டுமே விஷம். ஆனால் அதே பைக்குள் கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்ஸைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிறது. இன்னொரு என்சைம் ஃபார்மால்டிஹைடைப் பிடித்து சர்க்கரை மூலக்கூறு ஒன்றின் மேல் ஏற்றி, உடல் கட்டும் சரக்காக மாற்றிவிடுகிறது. விஷம் உண்டாகும் இடமும் விஷம் முறியும் இடமும் ஒன்றே. நம்ம கல்லீரலில் மெத்தனாலுக்கு இந்த ஏற்பாடு இல்லை.

சரி, அந்த என்சைம்கள் இருந்தால் போதாதா, பை எதற்கு? ஹாலந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஹன்செனுலா என்ற இன்னொரு மெத்தனால் ஈஸ்டில் இதைப் பார்த்தார்கள். பெராக்ஸிசோம் உருவாகாத மியூட்டன்ட்களில் ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் தயாராகிறது, சரியாக மடிகிறது, வேலையும் செய்கிறது, ஆனால் பொதுவெளியில் கிடக்கிறது. அந்த ஈஸ்டால் மெத்தனாலில் வளர முடியவில்லை. எல்லா உதிரிப் பாகமும் இருக்கிறது, ஒன்றும் பழுதில்லை, இடம் மட்டும் தப்பு. அது போதும், செல் பட்டினி.

மின்மினிப்பூச்சி காட்டிக்கொடுத்த முகவரி

ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் மிதக்கின்றன. இதில் யார் பெராக்ஸிசோமுக்குப் போக வேண்டியவர் என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் சுரேஷ் சுப்பிரமணி. ஐ.ஐ.டி. கான்பூரில் எம்.எஸ்ஸி. படித்து, பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆய்வகம் அமைத்தவர். அதே வளாகத்தில் மார்லீன் டிலூகா என்ற பேராசிரியர் மின்மினிப்பூச்சியின் வெளிச்சத்துக்குக் காரணமான லூசிஃபெரேஸ் என்சைமை ஆராய்ந்து வந்தார். அந்த மரபணுவைக் குரங்கின் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். புரதம் செல் முழுக்கப் பரவாமல் புள்ளி புள்ளியாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் புள்ளிகள் பெராக்ஸிசோம்கள். இது வெளிவந்தது 1987-ல். பூச்சியின் வயிற்றில் வேலை செய்ய வேண்டிய புரதம், குரங்கு செல்லிலும் சரியான அறையைத் தேடிப் போகிறது என்றால், முகவரி அந்தப் புரதத்தின் மேலேயே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் எல்லா உயிருக்கும் புரிகிற பொது எழுத்தில்.

அந்த முகவரி எந்தப் பகுதியில் இருக்கிறது? சுப்பிரமணியின் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜே. கூல்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் (புதைபடிவங்கள் பற்றி எழுதிய அந்தப் பிரபல கூல்ட் இல்லை, இவர் வேறு) புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். கடைசியில் நின்றது வெறும் மூன்று அமினோ அமிலம். செரின், லைசின், லூசின். அவற்றின் ஒற்றை எழுத்துக் குறிகளைச் சேர்த்து எஸ்.கே.எல். என்பார்கள். 550 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தின் வாலில் கடைசி மூன்று எழுத்து. அந்த மூன்றையும் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தின் வாலில் ஒட்டினால் அதுவும் பெராக்ஸிசோமுக்குள் போய்விடுகிறது. 1989-ல் இதை அறிவித்தார்கள்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் மாதிரி. கொஞ்சம் நெகிழ்வும் உண்டு: செரினுக்குப் பதில் அலனின் அல்லது சிஸ்டீன், லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் என்று வரலாம். பிச்சியாவின் ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் வாலில் இருப்பது அலனின், ஆர்ஜினின், ஃபினைல்அலனின். ஆனால் வாலிலேயே இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. அதே மூன்று எழுத்து புரதத்தின் நடுவில் வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இன்னும் சில புரதங்களுக்கு முகவரி தலைப்பக்கம் இருக்கிறது. அது இரண்டாவது வகை, அதற்கு வேறு ஆள். வால் முகவரிதான் பெரும்பாலானவற்றுக்கு என்பதால் இங்கே அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எண்ணெயில் வளராத ஈஸ்ட்

முகவரி கிடைத்துவிட்டது. படித்துப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? இங்கேதான் ஈஸ்ட் கைகொடுத்தது.

பேக்கரியில் பயன்படும் சாதாரண ஈஸ்ட் கொழுப்பு அமிலத்தைப் பெராக்ஸிசோமுக்குள் மட்டும்தான் உடைக்கும். நமக்கு அந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவிலும் நடக்கும், ஈஸ்டுக்கு அப்படி மாற்று ஏற்பாடு இல்லை. ஜெர்மனியின் போகும் நகரில் ரால்ஃப் எர்ட்மானும் வோல்ஃப் குனாவும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஈஸ்டில் கண்டபடி மரபணுப் பழுதுகளை உண்டாக்கி, குளுக்கோஸ் தட்டில் வளரும், ஆனால் ஒலியிக் அமிலம் போட்ட தட்டில் வளராது என்ற ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். 1989-ல் வெளியான வேலை இது. பக் எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொரு வரியாக உடைத்து, எதை உடைத்தால் எது நிற்கிறது என்று பார்ப்போமே, அதே வழி. சுப்பிரமணியின் குழு இதையே பிச்சியாவில் செய்தது. அங்கே மெத்தனால் தட்டு, ஒலியிக் தட்டு இரண்டும் உதவின.

பல ஊர்களில் பல குழுக்கள் ஒரே சமயத்தில் இறங்கியதால், ஒரே மரபணுவுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பாஸ், பெர், பெப், பாஃப் என்று ஒரு குழப்பம். 1996-ல் எல்லோரும் உட்கார்ந்து பெக்ஸ் என்று ஒரே பெயரில் நம்பர் போட்டார்கள். இன்று 30-க்கும் மேற்பட்ட பெக்ஸ் மரபணுக்கள் தெரியும். எல்லாவற்றையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. கீழே வரும் நாலைந்து பேர் போதும்.

கரும்பு லோடு போவது போல

இங்கே சேத்தியாத்தோப்பில் அரவைப் பருவம் என்றால் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு போவதைப் பார்க்கலாம். வயலில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஆலைக்கு வரும், உள்ளே போகும், சரக்கை இறக்கும், காலி வண்டியாக வெளியே வந்து மறுபடி வயலுக்குப் போகும். பெராக்ஸிசோம் ஏறக்குறைய இதே முறைதான்.

டிராக்டரின் பெயர் பெக்ஸ்5. பிச்சியாவில் 1993-ல் சுப்பிரமணியின் குழு கண்டுபிடித்தது. செல்லின் பொதுவெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் பின்பாதியில் ஒரு குழிவு, அதற்குள் எஸ்.கே.எல். வால் கச்சிதமாகப் பொருந்தும். வால் மாட்டியதும் லோடு ஏறிவிட்டது.

கேட்டில் இருப்பவர்கள் பெக்ஸ்14, பெக்ஸ்13. சவ்வில் நிலையாக உட்கார்ந்திருப்பவர்கள். லோடு ஏறிய பெக்ஸ்5 இவர்களிடம் வந்து ஒட்டும்.

அடுத்து உள்ளே நுழைவது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் புரதங்களுக்குச் சின்னத் துளைதான் உண்டு. மடிந்த புரதத்தை அவிழ்த்து, ஊசியில் நூல் கோப்பது போலக் கோத்து இழுக்க வேண்டும். பெராக்ஸிசோம் அப்படி இல்லை. முழுசாக மடிந்த புரதமே உள்ளே போகும். 1994-ல் ஈஸ்டில் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். தயோலேஸ் என்ற என்சைம் இரண்டு பிரதிகள் சேர்ந்து ஜோடியாக வேலை செய்யும். அதில் ஒன்றின் முகவரியை மட்டும் வெட்டி எறிந்தார்கள். முகவரி உள்ள கூட்டாளியோடு சேர்ந்து அதுவும் உள்ளே போய்விட்டது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர். அடுத்த வருஷம் வேறொரு குழு, பாலூட்டி செல்லில் எஸ்.கே.எல். வால் கொண்ட புரதம் பூசிய தங்கத் துகள்களைச் செலுத்திப் பார்த்தது. 9 நானோமீட்டர் அளவுத் தங்கம்கூட உள்ளே போனது. தங்கத்தை அவிழ்த்து நூலாக்க முடியாது இல்லையா!

அப்படியானால் சவ்வில் அவ்வளவு பெரிய ஓட்டை நிரந்தரமாக இருக்கிறதா? இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடுமே. ஒரு காலம் வரை இது பெரிய புதிர். 2010-ல் ஜெர்மன் குழு ஒன்று, பெக்ஸ்5-ம் பெக்ஸ்14-ம் சேர்ந்து தேவைப்படும்போது மட்டும் திறக்கும் துளை ஒன்றை உண்டாக்குவதைக் காட்டியது. சரக்கு வந்தால் 9 நானோமீட்டர் வரை விரியும். 2022 கடைசியில் ஹார்வர்டில் டாம் ராப்போபோர்ட் குழு வேறொரு படத்தை முன்வைத்தது. பெக்ஸ்13-ன் ஒரு பகுதி டைரோசினும் கிளைசினும் நிறைந்த தொளதொள நாடா. பல பெக்ஸ்13 சேர்ந்தால் அந்த நாடாக்கள் பின்னிக்கொண்டு ஜெல் மாதிரி வலை ஆகின்றன. சும்மா வரும் புரதத்தை அந்த ஜெல் விடாது. பெக்ஸ்5 மட்டும் அதில் கரைந்து, தன் லோடோடு நழுவிப் போய்விடும். நியூக்ளியஸின் வாசலும் இதே தந்திரத்தில்தான் வேலை செய்கிறது. துளையா ஜெல்லா என்ற வாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போனதும் லோடு இறங்குகிறது. ஈஸ்டில் இதற்கு பெக்ஸ்8 என்பவர் உதவுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செல்லுக்குள் எந்த வேலைக்கும் பணம் ஏ.டி.பி. மூலக்கூறு. சரக்கை உள்ளே கொண்டுபோகும் இந்தப் படிகளில் எதிலும் ஏ.டி.பி. செலவாவதில்லை. லோடு வண்டி உள்ளே போவது இலவசம்.

அப்படியானால் ஏ.டி.பி. எங்கே செலவாகிறது?

1991-ல் எர்ட்மான்–குனா குழு தங்கள் மியூட்டன்ட்களில் முதலாவது மரபணுவை அடையாளம் கண்டது. இன்றைய பெயரில் பெக்ஸ்1. அது ஏ.டி.பி.யை உடைத்துச் சக்தி எடுக்கும் வகைப் புரதம் என்று அதன் வரிசையைப் பார்த்ததுமே தெரிந்தது. கூட்டாளி பெக்ஸ்6-ம் அதே வகை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பெராக்ஸிசோமுக்குள் சரக்கு ஏறுவதில்லை. ஆகவே இவை சரக்கை உள்ளே தள்ளும் மோட்டாராக இருக்கலாம், அல்லது சவ்வுத் துண்டுகளை ஒட்டவைத்துப் பையை உண்டாக்கலாம் என்றெல்லாம் யோசித்தார்கள்.

விடை தெளிவாக வந்தது 2005-ல், 14 வருஷம் கழித்து, அதே போகும் நகரிலிருந்து. பெக்ஸ்1-ம் பெக்ஸ்6-ம் செய்வது காலி டிராக்டரை வெளியே இழுப்பது!

லோடு இறக்கிய பெக்ஸ்5 சவ்வில் மாட்டிக்கொண்டிருக்கும். தானாக வெளியே வராது. பெக்ஸ்2, பெக்ஸ்10, பெக்ஸ்12 மூவரும் சேர்ந்த ஒரு கூட்டு அதன் முன்பக்கத்தில் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதம் ஒன்றை ஒட்டுகிறது. கேட் பாஸ் மாதிரி. வழக்கமாக யுபிக்விட்டின் லைசின் மேல் ஒட்டும், இங்கே சிஸ்டீன் மேல் ஒட்டுகிறது. அது சுலபமாகக் கழற்றக்கூடிய ஒட்டு. பெக்ஸ்1-ம் பெக்ஸ்6-ம் மாற்றி மாற்றி ஆறு பேராக வளையம் கட்டி, வெளிப்பக்கம் சவ்வில் நங்கூரம் போட்டு நிற்கின்றன. பாஸ் ஒட்டிய பெக்ஸ்5-ஐ அந்த வளையம் ஏ.டி.பி.யைச் செலவழித்து வெளியே இழுக்கிறது. வெளியே வந்ததும் யுபிக்விட்டின் கழற்றப்படும். பெக்ஸ்5 அடுத்த லோடுக்குத் தயார்.

வெளியே இழுக்க முடியாமல் போனால்? பெக்ஸ்5 மேல் ஒன்றுக்குப் பதில் யுபிக்விட்டின் சங்கிலியே ஏறும். செல்லில் சங்கிலி என்றால் அர்த்தம் வேறு: 'இதை உடைத்துப் போடு'. கழிவு உடைக்கும் இயந்திரம் பெக்ஸ்5-ஐ அரைத்துவிடும். அதுவும் முடியாவிட்டால் யார்டு முழுக்கக் காலி டிராக்டர்கள் நின்றுகொண்டிருக்கும். கேட் அடைபட்டுவிடும். வயலில் கரும்பு வெட்டிக் கிடக்கிறது, ஆலையில் மில் சும்மா நிற்கிறது, நடுவில் வண்டி இல்லை. பார்ப்பவருக்கு ஆலைக்குள் சரக்கு வரவில்லை என்றுதான் தெரியும். கோளாறு வெளியேறும் வழியில் இருக்கிறது என்று தெரிய நாளாகும். ஆராய்ச்சியாளர்களுக்கு 14 வருஷம் ஆனதில் ஆச்சரியமில்லை.

சர்வர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கனெக்ஷன் பூல் என்று ஒன்று வைத்திருப்போம். எடுத்த கனெக்ஷனைத் திருப்பித் தராத ஒரு வரி எங்காவது இருந்தால், ஆரம்பத்தில் எல்லாம் நன்றாக ஓடும். கொஞ்ச நேரத்தில் புதிதாக வருகிறவர் யாரும் உள்ளே நுழைய முடியாது. எர்ரர் வருவது நுழைவில், தப்பு இருப்பது திருப்பித் தராத இடத்தில்.

காலிப் பைகளும் குழந்தைகளும்

இதெல்லாம் ஈஸ்டின் பாடு, நமக்கென்ன என்றால், நம்ம உடம்பிலும் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும் பெராக்ஸிசோம் இருக்கிறது. மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உடைப்பது, பித்த அமிலம் தயாரிப்பதன் கடைசிப் படிகள், நரம்பு உறைக்கு வேண்டிய பிளாஸ்மலோஜன் என்ற கொழுப்பைத் தயாரிக்கும் முதல் படிகள் எல்லாம் அங்கேதான்.

1960-களில் ஹான்ஸ் ஜெல்வெகர் என்ற குழந்தை மருத்துவரும் சக மருத்துவர்களும் ஒரு நோயை விவரித்தார்கள். பிறந்த குழந்தை துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சாது, வலிப்பு வரும், கல்லீரல் கெடும், முகத்தோற்றம் தனியாகத் தெரியும். கடுமையான வகையில் பெரும்பாலான குழந்தைகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. 1973-ல் கோல்ட்ஃபிஷர் குழு, அப்படிப்பட்ட குழந்தைகளின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பெராக்ஸிசோமே காணவில்லை என்று அறிவித்தது. 1988-ல் இன்னும் கூர்ந்து பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. பைகள் இருக்கின்றன, ஆனால் காலிப் பைகள். சவ்வு இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை. 'பேய்கள்' என்று பெயர் வைத்தார்கள். சவ்வுப் புரதங்கள் வேறு வழியில் வந்து சேரும் என்பதால் பை மட்டும் கட்டப்பட்டு நிற்கிறது.

1993-ல் பிச்சியாவில் பெக்ஸ்5 இல்லாத மியூட்டன்டைப் பார்த்தபோதே, இது ஜெல்வெகர் குழந்தைகளின் செல் மாதிரியே இருக்கிறது என்று எழுதினார்கள். வாலில் முகவரி வைத்த புரதங்கள் ஏறவில்லை, தலையில் முகவரி வைத்தவை ஏறுகின்றன. இரண்டே வருஷத்தில், 1995-ல், மனிதப் பெக்ஸ்5 மரபணுவும் அதில் பழுதுள்ள நோயாளிகளும் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கண்டுபிடித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவில் இருந்தவர், மின்மினி வாலின் மூன்று எழுத்தைப் பிடித்த அதே கூல்ட். மெத்தனாலில் வளராத ஈஸ்டுக்கும் பால் குடிக்காத குழந்தைக்கும் ஒரே பாகம் பழுது.

1997-ல் மனிதப் பெக்ஸ்1 மரபணு கிடைத்தது. அதற்கப்புறம் நோயாளிகளை வகைப்படுத்திப் பார்த்தபோது கணக்கு இப்படி வந்தது: ஜெல்வெகர் வகை நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பழுது பெக்ஸ்1-ல். அடுத்த இடம் பெக்ஸ்6. டிராக்டரே பழுதானவர்கள், அதாவது பெக்ஸ்5 கெட்டவர்கள், மிகச் சிலர். காலி வண்டியை வெளியே இழுக்கும் வளையம், அதன் நங்கூரம், கேட் பாஸ் ஒட்டும் மூவர், இவர்களைச் சேர்த்தால் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சரக்கு தயாராகிறது, முகவரி சரியாக இருக்கிறது, கேட்டும் இருக்கிறது. வண்டி திரும்பி வரவில்லை.

இந்த வேறுபாடு மருந்து தேடுபவர்களுக்கு முக்கியம். பெக்ஸ்1-ல் அதிகம் காணப்படும் ஒரு பழுது, 843-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம். இது இருந்தால் வளையம் முழுசாக நிற்பதில்லை, தளர்ந்து சரியாக மடியாமல் போகிறது, ஆனால் கொஞ்சம் வேலை செய்கிறது. அதனால் இந்தக் குழந்தைகளில் பலர் மிதமான வகையில் வருகிறார்கள், வருஷக் கணக்கில் வாழ்கிறார்கள். புரதம் மடிவதற்குத் தாங்கு கொடுக்கும் சின்ன மூலக்கூறு கிடைத்தால் நிலைமை மேம்படலாம் என்று தேடுகிறார்கள். செல் தட்டுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. நோயையே குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பித்த அமிலக் குறையை ஈடுகட்டும் கோலிக் அமில மாத்திரைக்கு 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல்லீரலுக்கு அது உதவி. மற்றபடி வலிப்புக்கு மருந்து, ஊட்டம், செவிக்கும் கண்ணுக்கும் உதவிக் கருவிகள் என்று ஆதரவுச் சிகிச்சைதான். நோயைக் கண்டறிய, ரத்தத்தில் மிக நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலத்தின் அளவைப் பார்ப்பது முதல் படி. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் பெற்றோருக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் உண்டு. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதுப் பிரதி வந்தால்தான் நோய் என்பதால், சொந்தத்தில் கல்யாணம் வழக்கமுள்ள நம்ம ஊரில் இது தெரிந்திருப்பது நல்லது.

பிச்சியாவுக்கு ஒரு வார்த்தை

தடுப்பூசித் தொழிற்சாலைக்காரர்கள் பிச்சியாவை விரும்பக் காரணம் பெராக்ஸிசோமின் இன்னொரு பக்கம். மெத்தனால் வந்ததும் ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் மரபணுவின் சுவிட்ச் அவ்வளவு பலமாக முடுக்கப்படுகிறது. அந்தச் சுவிட்சின் கீழே நமக்கு வேண்டிய மரபணுவை மாட்டிவிட்டால், மெத்தனால் ஊற்றும்போது நமக்கு வேண்டிய புரதம் கொட்டுகிறது. அந்தச் சுவிட்சைத் தட்டும் விரலின் பெயர் எம்.எக்ஸ்.ஆர்.1. அது டி.என்.ஏ.வில் எந்த எழுத்துகளைப் பிடிக்கிறது என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.என். ரங்கராஜனின் குழு விவரமாக ஆராய்ந்திருக்கிறது. தடுப்பூசிப் புரதம் பெராக்ஸிசோமுக்குள் போவதில்லை. ஆனால் மெத்தனாலைச் சாப்பிட்டு ஈஸ்ட் உயிரோடு இருந்தால்தான் அது வரும். அதற்குப் பெராக்ஸிசோம் நிரம்ப வேண்டும். அது நிரம்ப, பெக்ஸ்5 ஒவ்வொரு தடவையும் காலியாகத் திரும்ப வேண்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாமல் நிற்கும் கேள்வி ஒன்று. பெக்ஸ்5 முழு உடலோடு உள்ளே போய் வருகிறது என்று 2022-ல் தவளை முட்டைச் சாற்றில் செய்த சோதனை காட்டியது. அப்படியானால் வெளியே இழுக்கப்படும்போது அது நூலாக அவிழ்ந்துதான் வர வேண்டும். வெளியே வந்தபிறகு மறுபடி மடிய வேண்டும். சரக்கை அவிழ்க்காமல் உள்ளே விடும் ஏற்பாடு, சுமந்து வந்தவரை ஒவ்வொரு நடைக்கும் அவிழ்த்து வெளியே விடுகிறது. சரக்குக்குக் கொடுக்கும் மரியாதை வண்டிக்கு ஏன் இல்லை? படித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.